கோவில் வாசல் காபி

இந்த நாற்காலிக்கு ஆள் இருக்கா தம்பி? இல்லன்னா நான் இருந்துக்கிடுதேன். நீங்க போன்ல தமிழ் பேசுனது காதுல விழுந்துது. காலைல இருந்து இந்தக் கடைக்குள்ள ஒரு தமிழ்ச் சத்தம் கேக்கல. அதான் எந்திச்சு வந்துட்டேன். நீங்க கம்ப்யூட்டர மூடாண்டாம், ஒங்க சோலியப் பாருங்க. நான் ஒரு ஓரமா இருக்கேன்.

ஊரு பாளையங்கோட்டை. நேத்து சாயங்காலம் பஸ் ஏறி, விடியக்காலம் வந்து எறங்குனேன். பெங்களூர்ல இப்படிக் குளிரும்னு தெரிஞ்சிருந்தா அவிய ஸ்வெட்டரப் போட்டுட்டு வந்திருப்பேன். அவியன்னா எங்க வீட்டுக்காரரு. அவிய காலமாயி வருசக்கணக்காச்சு, ஸ்வெட்டர் மட்டும் பீரோவுல கெடக்கு.

ஒங்களுக்கு அங்கன இருந்து கவுண்டர் தெரியும் என்ன? எனக்கு முதுகுப்பக்கம். பரவால்ல. காலைல இருந்து அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன், கழுத்து வலி கண்டுபோச்சு. அங்க ஒரு பொண்ணு நிக்கால்லா, முடிய உச்சில தூக்கிக் கட்டிக்கிட்டு, கறுப்பு ஏப்ரன் போட்டுக்கிட்டு? சட்டுன்னு பாத்துராதீங்க. பையப் பாருங்க. சட்டையில கெட்சின்னு பேரு குத்தியிருக்கும். கெட்சியும் கெடையாது ஒண்ணும் கெடையாது. கெத்சியா. ஞானஸ்நானத்துல வச்ச பேரு கெத்சியா ரத்னமணி. ரத்னமணிங்கது நான்.

எம்மக தம்பி. ஒரே மக.

காலைல கடை தொறந்ததும் போயி அவளுக்கு முன்னால நின்னேன். சொல்லாம கொள்ளாம வந்திருக்கேன், தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனா மொகத்துல ஒண்ணத்தையும் காட்டலையே. என்ன வேணும்னு இங்கிலீசுல கேட்டா. நான் அந்தப் போர்டுல மொதல்ல எது இருந்துச்சோ அதுல வெரல வச்சேன். பேரு என்னன்னு கேட்டா. கப்புல எழுதுறதுக்கு எல்லார்ட்டயும் கேப்பாளாம். பெத்த தாய்கிட்ட பேரு கேட்டா தம்பி. நானும் ரத்னமணின்னு சொன்னேன். எழுதிக்கிட்டா. எப்படி எழுதணும்னு மட்டும் கேக்கல, அத நான் கவனிச்சுட்டேன்.

பொறவு கப்ப நீட்டும்போது குனிஞ்சு தமிழ்ல சொன்னா. “அந்த ஓரத்துல இருங்க. யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க. மத்தியானம் ஷிஃப்ட் முடிஞ்சதும் நானே வாரேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லக்கூடாது, சரியா?” வீட்ல என்னைய நீ, வா, போன்னுதான் பேசுவா. இன்னைக்கு இருங்கன்னுட்டா. சொல்லாதீங்களாம். நான் என்ன தண்டோரா போடவா பஸ் ஏறி வந்திருக்கேன்? ஒரு வருசமா என் போன எடுக்காத பிள்ள, நானே வாரேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா. எனக்கு அது போதும். கிறிஸ்மசுக்கு ஒரு நாள் வீட்டுக்கு வான்னு கேக்கணும், அவ்வளவுதான். அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அந்த ஓரத்துலயே பொம்ம மாதிரி இருந்தேன். இப்பம் நீங்க தமிழ் பேசுனதாலதான் வந்தேன். தமிழ்க்காரங்கன்னா சொந்தக்காரங்க மாதிரிதான.

அவ பி.எஸ்ஸி முடிச்சுட்டு இங்கதான் வேலைக்கு வந்தா. என்ன வேலன்னு சபையில கேட்டாங்க. பெங்களூர்ல பெரிய கம்பெனின்னு சொன்னேன். பொய் இல்ல பாத்துக்கிடுங்க, கம்பெனிதான. ஊர் பூரா கடை வச்சிருக்காங்களாம்லா. காபி போடுத வேலைன்னு மட்டும் சொல்லல. பொறவு இங்கனயே ஒரு பையன விரும்புனா. நம்ம சபைப் பையன்தான். நல்லபடியா கல்யாணத்த முடிச்சு அனுப்பி வச்சேன். அந்தக் கத நமக்கு வேண்டாம். ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நாள் ஒரே ஒரு பையத் தூக்கிக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நின்னா. உள்ள வந்தா, படுத்தா. அவ்வளவுதான். என்னட்டி நடந்துது, அவன் எங்க, அடிச்சானா, ஏசுனானா? ஒரு வார்த்த கெடையாது. மாசக்கணக்கா கட்டில்தான். சாப்பிடச் சொன்னா சாப்பிடுவா. குளிக்கச் சொன்னா குளிப்பா. கோவிலுக்கு வான்னா மட்டும் சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுவா. எனக்கு ராப்பகலா அதே நெனப்புதான். இந்தப் பிள்ள இப்படியே காஞ்சு போயிருமோன்னு.

அப்பம்தான் எங்க கோவிலுக்குப் புதுசா ஐயர் வந்தாரு. எங்க பக்கம் சர்ச்சக் கோவில்னும் பாதிரியார ஐயர்னுந்தான் சொல்லுவோம், நீங்க வேற மாதிரி நெனச்சுக்கிடாதீங்க. வின்ஸ்டன் ஐயரு. சின்ன வயசுதான். கோவிலுக்கு எதுத்தாப்புல பெரிய ஆஸ்பத்திரி. உள்ள படுத்திருக்கிறவங்களவிட ரோட்டுல நிக்கிற சனந்தான் கூட. ஐயர் கமிட்டில எந்திச்சு, “நம்ம கேட்டப் பூட்டி வச்சுக்கிட்டு உள்ள உக்காந்து பாடுதோம். சனிக்கிழம சாயங்காலம் கேட்டத் தொறந்து வச்சு, வாரவங்களுக்கு நல்ல காபியா ஒரு காபி குடுப்போம். பிரசங்கம் வேண்டாம். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டா ஜெபிப்போம்”னாரு. காபி குடுத்தா ஆத்துமா வந்துருமான்னு கமிட்டில பெரிய சண்ட. கடைசில சரின்னுட்டாங்க. சாதாக் காபி குடுத்தா மரியாத இல்லன்னு எக்ஸ்பிரஸோ காபின்னு தீர்மானம் போட்டாச்சு.

நம்ம ஊர்ல எக்ஸ்பிரஸோன்னா என்னது? கல்யாண வீட்ல வாசல் பக்கம் நிறுத்தியிருப்பாங்களே, ஆள் ஒசரத்துக்கு சில்வர் டிரம். கொழாயப் பாலுக்குள்ள விட்டா மண்டபமே அதிரும். நுர பொங்கி வரும், அதுக்கு மேல சாக்லேட் பொடியத் தூவித் தருவான். எனக்கு அதுன்னா உசுரு. பாதிக் கல்யாணத்துக்கு நான் போறதே அதுக்குத்தான். கல்யாணக் காண்ட்ராக்டர் ஒருத்தர் அந்த டிரம்மக் கொண்டாந்து கேட்டுல வச்சாரு. மொத சனிக்கிழம நான் ஒரு கப்ப மூடி எடுத்துட்டுப் போயி, படுத்துக் கெடந்தவகிட்ட நீட்டுனேன். ஒரு வாய் குடிச்சா.

“இது எஸ்பிரஸோ இல்லம்மா”ன்னா.

“பொறவு என்னதுட்டி?”

“பால்ல சத்தம் போட்டுருக்காங்க.”

சொல்லிட்டு சிரிச்சா தம்பி. எத்தன மாசம் கழிச்சு அந்தப் பல்லப் பாத்தேன் தெரியுமா. நான் அடுக்களைக்குள்ள போயி சேலயால வாயப் பொத்திக்கிட்டு அழுதேன். மறுநாளே ஐயர்கிட்டச் சொன்னேன். ஐயர் வீட்டுக்கு வந்து, அவ கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்து, “அப்பம் நீங்களே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன், நாங்க என்னத்தக் கண்டோம்”னாரு. கோவிலுக்கு வாங்கன்னு சொல்லல, பாத்துக்கிடுங்க. அப்படிச் சொல்லியிருந்தா திரும்பிப் படுத்திருப்பா. ரெண்டு நாள் கழிச்சு எந்திச்சு இந்தக் கம்பெனிக்குப் போன் போட்டா. இங்க கழிச்சுப் போட்ட பழைய மெசின் ஒண்ணு கெடந்துச்சாம். லாரில ஏத்தி அனுப்பி வச்சாங்க. கூர்க்ல இருந்து காபிக் கொட்ட வந்துச்சு.

இப்பம் என்ன செய்யுதா? தொடைக்காளா? அந்த மூக்கத் தொடைக்காளா, பால்ல ஆவி விடுமே அது? அப்படித்தான். ஒவ்வொரு கப்புக்கும் தொடைக்கணும் அவளுக்கு. எங்க கேட்டுலயும் அப்படித்தான் நிப்பா.

மொதக் காபிய எறக்கி அப்படியே கீழ ஊத்திருவா தம்பி. எனக்கு வயிறு எரியும். என்னட்டி இது, காணிக்கப் பணத்துல வாங்குன பொடின்னு ஏசுவேன். மெசின் சூடாகிறதுக்கு முன்னால வாரது சரியா இருக்காதுங்கா. சும்மா குடுக்கிறதுதானட்டின்னேன். அதுக்கு ஒரு பதில் சொன்னா. “சும்மா குடுக்கிறதுன்னா மட்டமாக் குடுக்கணுமாம்மா? ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற ஆளுக்கு அந்த நாள்ல கெடைக்கிற ஒரே நல்ல விசயம் இதாத்தான் இருக்கும்.”

சனம் வந்துச்சு பாருங்க. ஆட்டோக்காரங்க, நர்சுப் பிள்ளைங்க, நோயாளிக்குத் தொணைக்கு வந்தவங்க. எங்க சபை ஆள்கள்ல பாதிப்பேருக்குக் கசந்துச்சு. நுர இல்லையே, சாக்லேட் பொடி எங்கன்னு கேட்டாங்க. எனக்கும் கசந்துச்சுதான். நான் கேட்டதுக்கு, “ஒனக்கு வேணும்னா வீட்ல தூவிக் குடிச்சுக்கோ, என் காபியில தூவ மாட்டேன்”னா. அவ்வளவு பிடிவாதம். ஆனா வெளிச் சனத்துக்கு அந்தக் காபி பிடிச்சுது. கப்பக் குடுக்கும்போது அவ மொகத்தப் பாத்துக் குடுப்பா. ஒண்ணும் கேக்க மாட்டா. அவங்களாத்தான் எதையாவது சொல்லுவாங்க. அவ கேட்டுக்கிடுவா.

அது எனக்கு அவ்வளவா ஒப்பல. நம்ம எதுக்கு நிக்கோம்? சுவிசேசத்துக்குத்தான நிக்கோம்? அதனால நான் ஒவ்வொரு கப்புக்கு அடியிலயும் ஒரு கைப்பிரதிய, வசனம் அச்சடிச்ச துண்டுத்தாள, மடிச்சு வச்சேன். அவ பாத்துட்டா. ஒண்ணு ஒண்ணா எடுத்து அடுக்கி என் கையிலயே தந்துட்டா. “காபியக் குடுத்துட்டு காதப் பிடிக்கக் கூடாதும்மா”ன்னா. சரின்னு நானும் ஒரு பெட்டில போட்டு ஓரமா வச்சுட்டேன். இந்தாங்க, பையில இருக்கு, ஒண்ணு வச்சுக்கிடுங்க. நல்ல விசயந்தான் எழுதியிருக்கு. பஸ்ஸுல போகும்போது வாசிங்க.

இப்படியே மழைக்காலம் வந்துச்சு. ஒரு சனிக்கிழம நல்ல தூத்தல். சின்ன வயசுப் பொண்ணு ஒண்ணும் அவ புருசனும் ஆஸ்பத்திரில இருந்து வந்து எங்க காம்பவுண்டுச் சொவரோரம் உக்காந்தாங்க. பிரசவ வார்டுல இருந்து வாராங்க, ஆனா கையில பிள்ள இல்ல. பாத்ததும் எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. யாரும் பக்கத்துல போகல. கெத்சியா ஒரு காபியப் போட்டு எடுத்துட்டுப் போயி அந்தப் பொண்ணு கையில வச்சுட்டு வந்தா. அந்தப் பொண்ணு குடிக்கல, கப்ப அப்படியே பிடிச்சுக்கிட்டு இருக்கு. ஆறிப்போச்சு. இவ போயி அத வாங்கி ஊத்திட்டு வேற போட்டுக் குடுத்தா. அதுவும் ஆறிப்போச்சு. மறுபடியும் போயி வாங்கி ஊத்திட்டு வேற போட்டுக் குடுத்தா. வரிசையில நிக்கிற ஆள்கள நிக்க வச்சுட்டுப் போனா. கடைசில அந்தப் பொண்ணு ஒரு வாய் குடிச்சுது. குடிச்சதும் அப்படி ஒரு அழுக.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து கப்பெல்லாம் கழுவுதோம். நான் கழுவித் தாரேன், அவ தொடைக்கா. தொடச்சுக்கிட்டே சொன்னா. “எனக்கும் அப்படித்தாம்மா.”

அஞ்சு மாசம். பொம்பளப் பிள்ள. தனியாத்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அவன் வரல. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட ஆள் இல்லாம அவளே போட்டிருக்கா. அவங்க அந்தப் பிள்ளைய ஒரு வெள்ளத் துணில சுத்தி, பாக்கீங்களான்னு கேட்டிருக்காங்க. பாத்திருக்கா. விரல் எல்லாம் இருந்துச்சாம். நகம்கூட இருந்துச்சுன்னா. நான் ஒரு பேர் வச்சிருந்தேம்மான்னு சொல்லி, அந்தப் பேரையும் சொன்னா. எனக்கு அவ மாசமா இருந்ததே தெரியாது தம்பி. மாசமானா மொதல்ல தாய்க்குத்தான சொல்லணும். நீ ஊருக்கெல்லாம் சொல்லிருவன்னுதான் சொல்லலையாம். இருக்கட்டும், கொஞ்சம் கழிச்சுச் சொல்லுவோம்னு இருந்தாளாம். “ஒன்கிட்ட மட்டுந்தாம்மா சொல்லியிருக்கேன்”னா. நான் ஈரக் கையோட அவளக் கெட்டிப்பிடிச்சுக்கிட்டேன். சின்னப் பிள்ளையில பிடிச்சது. அதுக்குப் பொறவு அன்னைக்குத்தான் பிடிச்சேன்.

மறுநாள் காலைல தானா எந்திச்சுக் குளிச்சு, என்கூடக் கோவிலுக்கு வந்தா. கடைசி பெஞ்சுலதான் உக்காந்தா. ஆனா வந்தா.

நீங்களே சொல்லுங்க தம்பி. செத்ததுபோலக் கெடந்த பிள்ள எந்திச்சு நடக்கா. இது கர்த்தர் செஞ்ச நன்மையா இல்லையா? எங்க சபையில ஒரு நன்மை கெடச்சா எந்திச்சு நின்னு சாட்சி சொல்லணும். சொல்லாம வச்சுக்கிட்டா அது நன்றி கெட்டதனம். எனக்குப் பித்தப்பையில கல்லு கரஞ்சதுக்கே மைக்குல சாட்சி சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக் கெணத்துல தண்ணி ஊறுனதுக்குச் சொல்லியிருக்கேன். அதுக்கெல்லாம் சொன்னவ, இதுக்குச் சொல்லாம இருந்தா தூக்கம் வருமா?

டிசம்பர்ல கேட்டுல பெரிய விழா. கலர் லைட்டு, ஸ்டாரு, பாட்டுக்குழு எல்லாம் உண்டு. ரோட்டுச் சனமெல்லாம் உள்ள வந்து நிக்கி. கெத்சியாவுக்குக் கை ஓயல. அந்தக் காபிக்காகவே வந்த சனம் தம்பி, பெரும தாங்கல எனக்கு. பாட்டு முடிஞ்சதும் ஐயர், “யாராவது சாட்சி சொல்ல விரும்பினா வரலாம்”னாரு. நான் போயிட்டேன். அவளப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். எம்மக இப்படி இப்படிக் கெடந்தா, அவளுக்கு இப்படி ஒரு துக்கம், அவ புருசன்காரன் எட்டிப் பாக்கல, அந்தப் பிள்ளைக்கு விரல் நகம் எல்லாம் இருந்துச்சு, அதுக்கு இன்ன பேரு வச்சிருந்தா, எல்லாத்துல இருந்தும் கர்த்தர் அவளத் தூக்கி எடுத்து, அந்தா ஒங்க எல்லாருக்கும் காபி குடுத்துக்கிட்டு நிக்க வச்சிருக்காருன்னு சொன்னேன். ஒண்ணுவிடாமச் சொன்னேன். குறைச்சுச் சொன்னா அது சாட்சி ஆகாதுல்லா. சனம் பூரா கண்ணீர் விட்டுச்சு. என் சாட்சிக்கு அதுமாதிரி என்னைக்கும் அழுததில்ல.

மெசின் சத்தம் மட்டும் நின்னுபோச்சு.

பொறவு மறுபடியும் கேட்டுச்சு. அவ வரிசையில நின்ன அத்தன பேருக்கும் காபி போட்டுக் குடுத்தா, ஒருத்தரையும் வெறுங்கையா அனுப்பல. ஒவ்வொருத்தரும் கப்ப வாங்கும்போது அவளுக்கு ஆறுதல் சொல்லிட்டுத்தான் வாங்குனாங்க. கவலப்படாதம்மா, கர்த்தர் வேற பிள்ள தருவாருன்னாங்க. ஆட்டோக்காரங்க, நர்சுப் பிள்ளைங்க, எங்க சபை மாதர் சங்கத்துப் பொம்பளைங்க, எல்லாரும் அவ கையப் பிடிச்சுப் பிடிச்சுச் சொன்னாங்க. எவ்வளவு நல்ல சனம் பாருங்க. அவ எல்லாருக்கும் தேங்ஸ், தேங்ஸ்னு சொன்னா. கடைசிக் கப்பக் குடுத்துட்டு மெசினத் தொடச்சா. அந்த மூக்கத் தொடச்சா. துணிய மடிச்சு மேல வச்சா. மறுநாள் வந்து பாக்கேன், கட்டில் காலி. வந்தப்பம் கொண்டாந்த அதே ஒரு பை, அதத் தூக்கிட்டுப் போயிட்டா.

நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? அவளப் பத்தி ஒரு குறை சொன்னேனா? நல்லதத்தான சொன்னேன். ஐயர் என்னைக் கூப்பிட்டு, “அம்மா, சொல்றதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?”ன்னாரு. பெத்தவ எதுக்கு ஐயா கேக்கணும்னேன். அவர் மண்டைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. அவருக்கு மட்டும் அவ போன் பேசுவா போல. எங்க இருக்கான்னு எத்தன தடவ கேட்டும் சொல்லல. போன வாரந்தான், அவகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்னு போயி, பொறவு பெங்களூர்ல எந்தக் கடைன்னு எழுதித் தந்தாரு. அப்பம் நான் வருவேன்னு அவளுக்குத் தெரியும்லா. தெரிஞ்சும் வரவேண்டாம்னு சொல்லலல்லா. அத நெனச்சுக்கிட்டுத்தான் பஸ்ஸுல கண்ண மூடாம வந்தேன்.

அந்த மெசின் இப்பம் கோவில் வெஸ்ட்ரில, ஐயர் அங்கி மாட்டுத ரூம்புல, துணியப் போத்திக்கிட்டு நிக்கி. யாருக்கும் போடத் தெரியல. கேட்டுல மறுபடியும் அந்த டிரம்முதான், அந்தச் சாக்லேட் பொடிதான். கூட்டம் கொறஞ்சுபோச்சு. எனக்கும் அது முன்ன மாதிரி எறங்கல. அந்தப் பொடியப் பாத்தா அவ சொன்னதுதான் நெனப்பு வருது.

இன்னொண்ணு சொல்லுதேன் தம்பி. இத ஐயர்கிட்டகூடச் சொன்னதில்ல. அவளுக்கு மட்டுந்தான் துக்கமா? எனக்கும் அது பேத்திதான. எனக்கு இருந்த ஒரே பேத்தி. நான் அத ஒரு தடவ தூக்கல, ஒரு சட்ட தைக்கல. ஞானஸ்நான ரிஜிஸ்தர்ல அதுக்குப் பேரு கெடையாது. கல்லறையில கல்லு கெடையாது. யாராவது எத்தன பேரப்பிள்ளைங்கன்னு கேட்டா, இல்லன்னு சொல்ல வாய் வரமாட்டேங்கு. எங்கயாவது ஒரு எடத்துல அந்தப் பேரச் சத்தமாச் சொல்லணும் போல இருந்துச்சு. மைக்குல சொன்னேனே, அப்பம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்தப் பிள்ளையும் பொறந்துதான் இருந்துச்சு, எங்க வீட்டுப் பிள்ளைதான்னு எல்லாருக்கும் காட்டுன மாதிரி இருந்துச்சு. அவகூட உக்காந்து அழலாம்னா அவ பேசமாட்டேங்கா. நான் யார்கிட்டப் போயிச் சொல்ல?

ஏன் தம்பி என்னைய விட்டுட்டு எனக்கு மேல பாக்கீங்க? கண்ணு கலங்கிட்டோ? நல்ல பிள்ள நீங்க. ஒங்க அம்மா குடுத்து வச்சவங்க. என்ன, கையக் காட்டுதீங்க? போதுங்கீங்களா? அட இருங்க, நீங்க கேக்காட்டாலும் சொல்லுதேன், ஒங்களுக்குச் சொன்னா என்ன. இசை. இசைன்னு பேர் வச்சிருந்தா தம்பி. எங்க பக்கம் யாரும் இப்படிப் பேர் வைக்கிறதில்ல. கேட்டதும் எனக்குப் பிடிச்சுப்போச்சு. இசை. கூப்பிட்டுப் பாருங்க, எப்படி இருக்கு.

என்ன தம்பி? யாரு?

பின்னாலயா?

எங்க, யாரையும் காணலையே. இங்கனயா நின்னா? எனக்குப் பின்னாலயேவா? எப்பம் இருந்து நின்னா? சாட்சியச் சொல்லும்போதா, பேரச் சொல்லும்போதா? நீங்க சொல்லியிருக்கலாம்லா தம்பி. கையக் காட்டுனா எனக்கு எப்படித் தெரியும். ஷிஃப்ட்டு மத்தியானந்தான முடியும்னா. முன்னாலயே முடிச்சுட்டு வந்தாளோ. ஏப்ரன் போடலையா? பைய மாட்டியிருந்தாளா? அப்பம் என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கா. வெளிய எங்கயாவது உக்காந்து பேசணும்னு வந்திருக்கா.

கவுண்டர்ல யாரோ ஒரு பையன்தான் நிக்கான். அவன்கிட்ட கேளுங்களேன், எனக்கு இவங்க பாஷ வராது. என்ன சொல்லுதான்? பின்வாசலா? போயிட்டாளா, இல்ல போறாளா? நான் ஓடிப் போயிப் பாக்கட்டுமா? எந்தத் தெருப்பக்கம்னு கேளுங்க. தெரியாதாமா. வீடு எங்கன்னு கேளுங்க. அதுவும் சொல்லக்கூடாதாமா. சரி. அவன எதுக்குக் கஷ்டப்படுத்த. விடுங்க.

இந்தக் கப்பு யாருது? அடுத்த மேசையில இருக்கே, இது. நீங்க வாங்குனதா? இல்லையா. அவ கொண்டாந்து வச்சதா? இங்க நகத்துங்க பாப்போம். ஆவி வருதே இன்னும்.

சாக்லேட் பொடி தம்பி. நுர மேல சாக்லேட் பொடி தூவியிருக்கா. எங்க ஊர்க் கல்யாணக் காபி மாதிரியே. இந்தக் கடையில இது கெடையவே கெடையாது, போர்டுல பாத்தேனே. என் காபியில தூவ மாட்டேன்னவ தூவியிருக்கா பாருங்க. இதுல பேரு ஒண்ணும் எழுதலையே. காலைல எழுதுனாளே. எழுத வேண்டாம்னு நெனச்சிருப்பா. யாருக்குன்னு அவளுக்குத் தெரியும்லா.

நீங்க கெளம்புங்க தம்பி. ஒங்க சோலி கெட்டுப்போச்சு என்னால. நான் அந்த ஓரத்துக்கே போயிருதேன், அங்கதான் இருக்கச் சொன்னா. இனிமே யார்கிட்டயும் பேசல. இல்ல, இல்ல, குடிக்க மாட்டேன். நீங்க சொன்னாலும் குடிக்க மாட்டேன். ஆறட்டும். ஆறிப்போனா அவ அப்படியே விடமாட்டா. வந்து எடுத்து ஊத்திட்டு வேற போட்டுத் தருவா.